நைட் ஷிஃப்ட் விலக்கும் ஒரு மருந்துதான்

பைபோலார் நோயாளிக்கு மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் மூன்று நான்கு வரிகள் இருக்கும். ராத்திரிக்கு லித்தியம், கூடவே இன்னொரு மாத்திரை, அடுத்த முறை வரும்போது ரத்தப் பரிசோதனை. சீட்டை நீட்டும்போது, "நேரத்துக்குத் தூங்கணும், அதுதான் முக்கியம்" என்று வாயால் சொல்லி அனுப்புவார். எழுதியதை மருந்தகம் கொடுத்துவிடும். வாயால் சொன்னதை யார் கொடுப்பது? வடசென்னை டோல்கேட்டில் இறங்கி வேலைக்குப் போகிறவரின் தூக்கம் அவர் கையில் இல்லை. ஆலையின் டைம் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கும் ஷிஃப்ட் பட்டியலில் இருக்கிறது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடலோரம் ராத்திரி என்ற ஒன்றை ஒப்புக்கொள்வதே இல்லை. காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் ட்ரெய்லர் ஓட்டுநருக்கு ஸ்டியரிங்கில் தலைசாய்த்த நேரம்தான் தூக்கம். மணலியின் சுத்திகரிப்பு ஆலையையும் ரசாயன ஆலைகளையும் நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது. திருவொற்றியூரில் டயரும் மோட்டார் சைக்கிளும், எண்ணூரில் லாரியும் செய்கிறார்கள். இந்த வட்டாரத்தில் பல இடங்களில் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி என்று ஷிஃப்ட் சுழல்கிறது. வாரா வாரம் உடம்பு புதிதாக ஒரு கடிகாரத்துக்குப் பழக வேண்டும். பெரும்பாலோர் எப்படியோ பழகிவிடுகிறார்கள். பைபோலார் உள்ளவருக்கு அது எளிதில் முடிவதில்லை. அவர் நோயே அந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பலருக்கு இந்த நோயின் பெயர் அறிமுகமானது 2012இல் வந்த '3' படத்தின் மூலம். தனுஷ் நடித்த கதாநாயகன் மனைவிக்குத் தெரியாமல் நோயை மறைக்கிறான். படம் அவன் சாவில் முடிகிறது. பெயரைப் பரப்பியதற்காக அந்தப் படத்துக்கு நன்றி சொல்லலாம். ஆனால், மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்க வைத்து, முப்பது வருடம் கழித்து ஓய்வு பெறும் பைபோலார் நோயாளியின் கதையை யாரும் படமாக எடுப்பதில்லை. அதில் இடைவேளைக்குத் தோதான திருப்பம் எதுவும் இல்லை.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுக்கப்பட்டது. வாழ்நாளில் ஒரு முறையாவது பைபோலார் நோய்க்கு ஆளானவர்கள் வயது வந்தோரில் 200 பேருக்கு ஒருவர் என்றது அது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலை என்றால் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் மூன்று நான்கு பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பார்கள்; தங்களுக்கு என்ன என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாமலும் இருக்கலாம். தெரிந்தவர் வெளியில் சொல்ல மாட்டார்.

நோய் இரண்டு முகம் கொண்டது. சோர்வுக் காலத்தில் படுக்கையை விட்டு எழுவதே மலை. எழுச்சிக் காலம், அதாவது மேனியா, அதற்கு நேர் எதிர்: தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, பணம் தண்ணீராகப் போகும், தன்னால் ஆகாதது எதுவும் இல்லை என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், எல்லோரையும் போல இருப்பார்கள். மருத்துவர்களுக்கே அடையாளம் காண வருடங்கள் ஆவதுண்டு. நோயாளி பெரும்பாலும் சோர்வில் இருக்கும்போதுதான் மருத்துவரிடம் வருகிறார். பழைய எழுச்சியைப் பற்றிக் கேட்காமல் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால், அதுவே சிலரை எழுச்சிக்குத் தள்ளிவிடும்.

தூக்கத்துக்கு வருகிறேன். அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வேர் 1987இல் குழுவினருடன் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் பலமுறை மேற்கோள் காட்டப்படுவது. மேனியாவைத் தூண்டுபவை பல: துக்கம், சந்தோஷம், பிரசவம், பயணம், மருந்து. எதுவாக இருந்தாலும் அவை கடைசியில் தூக்கக் குறைவு என்ற ஒரே வாசல் வழியாக உள்ளே வருகின்றன என்பது அவர்கள் வாதம். எழுச்சி வந்தால் தூக்கம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். தூக்கம் போனாலே எழுச்சி வரும் என்பதுதான் அதில் புதிது. பின்னால் பிட்ஸ்பர்கில் எலன் ஃபிராங்க் இதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்தார். எழும் நேரம், அன்று முதன்முதலாக இன்னொரு மனிதரோடு பேசும் நேரம், வேலை தொடங்கும் நேரம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம், படுக்கும் நேரம் ஆகிய ஐந்தையும் தினமும் குறித்து, முடிந்தவரை மாறாமல் வைத்துக்கொள்ளப் பழக்குவது அது. மருந்தோடு இதுவும் சேர்ந்தால் அடுத்த தாக்குதல் தள்ளிப்போகிறது என்று 2005இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. மூன்று ஷிஃப்ட் சுழலும் ஆளிடம் அந்த ஐந்து நேரங்களையும் குறிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு வாரத்தின் தாள் அடுத்த வாரத்துக்கு உதவாது.

ஆலைக்குள் மேனியா எப்படி நுழைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் அது நல்ல வேலைக்காரனின் வேடத்தில் வரும். யாரோ வரவில்லை என்றால் "நான் டபுள் அடிக்கிறேன் சார்" என்று முன்னால் நிற்பார். ஓ.டி. எதையும் விட மாட்டார். ராத்திரி முழுக்க மெஷினில் நின்றுவிட்டுக் காலையில் ஃப்ரெஷ்ஷாக டீக்கடையில் அரசியல் பேசுவார். சூப்பர்வைசருக்குச் சந்தோஷம். வீட்டிலும் சந்தோஷம்தான், சம்பளம் கூட வருகிறது. தொடர்ந்து விழித்த ஒவ்வொரு ராத்திரியும் அடுத்ததை மோசமாக்குகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மூன்றாவது வாரத்தில் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும், முன்பின் தெரியாதவருக்குக் கைமாற்று கொடுத்திருப்பார், போனில் லோன் ஆப் நாலு இருக்கும். ஃபோர்மேனை எதிர்த்துப் பேசியதற்கு மெமோ வரும். பிறகு சரிவு. எழுந்திருக்க முடியாத காலை, ஒரு நாள், மூன்று நாள், பத்து நாள். பல நிலையாணைகளில், சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து 8 நாள் வராதவர் வேலை மீதான உரிமையை இழப்பார் என்ற விதி இருக்கிறது. நோயின் இரண்டு முகங்களுக்கும் ஆலையில் தனித்தனிப் பெயர் உண்டு. ஒன்று ஒழுங்கீனம், மற்றது ஆப்சென்ட். நோய் என்று மட்டும் பெயர் கிடையாது.

வீட்டில் அது வேறு பெயரில் வாழும். பட்டினத்தார் அடங்கிய ஊர் திருவொற்றியூர். சொத்தையெல்லாம் உதறிவிட்டு இறங்கி நடந்தவரைக் கும்பிடும் ஊரில், கையில் இருந்ததை வாரிக் கொடுத்துவிட்டுக் கடற்கரையில் சுற்றும் மகனை நோயாளி என்று அம்மா உடனே நினைப்பதில்லை. கோயில் கோயிலாக அழைத்துப் போவார்கள். குணசீலத்தில் 48 நாள் வைத்து எடுத்தால் சரியாகும் என்பார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வேளைக்குக் குளியல், வேளைக்குப் பூசை, வேளைக்குச் சாப்பாடு, இருட்டினால் படுக்கை என்று 48 நாள் ஓர் உடம்பு இருந்தால் அதில் கொஞ்சம் தெளிவு வருவதில் வியப்பில்லை. பிட்ஸ்பர்கில் தாளில் குறிக்கச் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் ஆபத்து. எந்த நம்பிக்கையும் கையில் சங்கிலியை எடுத்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள்.

லித்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடசென்னைக்கும் அந்த மாத்திரைக்கும் ஒரு தகராறு இருக்கிறது. ஜப்பானியரின் சாங்கி முகாமில் மூன்று ஆண்டுக்கு மேல் போர்க் கைதியாக இருந்து திரும்பிய ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், 1949இல் இந்த உப்பு மேனியாவை அடக்குகிறது என்று எழுதினார். எழுபத்தைந்து ஆண்டு கழித்தும் இதை மிஞ்சிய மருந்து இல்லை என்றே பலர் சொல்வார்கள். எழுச்சியையும் சோர்வையும் தடுப்பதோடு, இந்த நோயாளிகளிடம் மிக அதிகமாக இருக்கும் தற்கொலை ஆபத்தையும் இது குறைக்கிறது. விலையும் அதிகமில்லை. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6இலிருந்து 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி வழக்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், 1.5ஐத் தாண்டினால் கை நடுங்கும், வாந்தி வரும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். ஜான் கேட் லித்தியம் கொடுத்த முதல் நோயாளியே 1950இல் அதன் அளவு மீறித்தான் இறந்தார். ரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை.

லித்தியத்தைச் சிறுநீரகம் உப்பைப் போலவே நடத்துகிறது. வியர்வையில் நீரும் உப்பும் போனால் சிறுநீரகம் இருக்கும் உப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கூடவே லித்தியத்தையும். அக்னி நட்சத்திரத்தில் பாய்லர் பக்கத்தில் நிற்பவர், கன்டெய்னருக்குள் ஏறி மூட்டை இறக்குபவர் உடம்பில் மாத்திரையைக் கூட்டாமலே அளவு ஏறும். வயிற்றுப்போக்கு வந்தாலும் அப்படியே. ரத்தக்கொதிப்புக்காக யாரோ சொன்னார்கள் என்று திடீரென உப்பை நிறுத்தினாலும் அப்படியே. இதைவிடப் பெரிய ஆபத்து இடுப்பு வலி. பாரம் தூக்குகிறவர் மருந்துக்கடையில் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்றால் கிடைப்பது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது இபுபுரூஃபென். இரண்டுமே லித்தியத்தை ரத்தத்தில் தேக்கும். லித்தியம் சாப்பிடுகிறவர் வலிக்குப் பாரசிட்டமாலோடு நிற்பது நல்லது. வேறு எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான். இன்னொன்றும் உண்டு. அளவு ஏறியவர் ஆலை வாசலில் தள்ளாடி வந்தால் செக்யூரிட்டி என்ன நினைப்பார்? "குடிச்சிட்டு வந்திருக்கான்." ஆம்புலன்ஸ் ஏற வேண்டிய ஆளை வீட்டுக்குத் துரத்திவிடுவார்கள்.

ஷிஃப்ட் இங்கேயும் வந்து நிற்கிறது. அளவு பார்க்கும் ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை, காலை ஒன்பதுக்கு ரத்தம் என்பது பகலில் வாழ்கிறவருக்கான கணக்கு. நைட் முடித்துக் காலை எட்டுக்கு மாத்திரை போட்டுப் படுப்பவர், ஓ.பி. நேரத்தில் கையை நீட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பெண்களின் நிலை வேறு. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்கு நிற்கும் மீன்காரப் பெண்ணுக்கு ஷிஃப்ட் பட்டியல் கிடையாது, விலக்குக் கேட்க ஆளும் கிடையாது. பைபோலார் உள்ள பெண்ணுக்கு வாழ்நாளிலேயே ஆபத்தான காலங்களில் ஒன்று பிரசவத்துக்குப் பிந்தைய சில வாரங்கள். ஹார்மோன் ஒரு பக்கம், குழந்தை அழுது கெடுக்கும் தூக்கம் மறுபக்கம். அந்த வாரங்களில் ராத்திரிப் பாலை வேறு யாராவது புகட்டி அவளைத் தூங்கவிடுவதும் சிகிச்சைதான். இந்த நோய்க்கு வால்ப்ரோயேட் என்ற மாத்திரையும் இங்கே சர்வ சாதாரணமாக எழுதப்படுகிறது. கர்ப்பத்தில் அது குழந்தையின் தண்டுவடத்தையும் மூளை வளர்ச்சியையும் கெடுக்கக்கூடியது. பிரிட்டன் 2018இல், கருத்தடை ஏற்பாட்டுத் திட்டத்தில் சேராத, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைக் கொடுப்பதையே தடுத்தது. கல்யாணம் பேசும் வீடுகளில் நோயை மறைப்பார்கள் என்பது தெரிந்ததே. மறைத்தாலும் மாத்திரையின் பெயரை மகப்பேறு மருத்துவரிடமாவது சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்த வட்டாரத் தொழிலாளிக்கு மிக நெருக்கமான சட்டத்தைத்தான் யாரும் அவரிடம் சொல்வதில்லை. இஎஸ்ஐயில் சாதாரண நோய்க்கு வருடத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அது பலருக்கும் தெரியும். நீண்டகால நோய்கள் 34 கொண்ட ஒரு தனிப் பட்டியல் உண்டு. காசநோய், புற்றுநோய் போன்றவை அதில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருக்கும் நோய் வந்தால், இரண்டு ஆண்டு காப்பீட்டு வேலையும் தேவையான சந்தாவும் இருந்தால், 80 சதவீதச் சம்பளம் இரண்டு ஆண்டு வரை நீளலாம். பைபோலார் அதில் இருக்கிறது, 'மேனிக் டிப்ரெசிவ் சைக்கோசிஸ்' என்ற பழைய பெயரில். சான்றிதழ் வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும். நோய்ப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றும் 1948 இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆவது பிரிவு எழுதி வைத்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கும் இந்தக் காலத்தில் தொழிற்சங்கங்கள் விழித்திருந்து பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகை இயலாமைகளில் சேர்த்தது. பணிக்காலத்தில் இயலாமை வந்தவரை வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது அதன் 20ஆவது பிரிவு. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். துறைமுகம் அதற்குள் வரும், மணலியின் பொதுத்துறைச் சுத்திகரிப்பு ஆலை வரும், பக்கத்துத் தனியார் ஆலை வராது. ஒரே தெருவில் குடியிருக்கும் இருவருக்கு ஒரே நோய் வந்தால், சம்பளம் தருபவர் யார் என்பதை வைத்துத்தான் பாதுகாப்பு. 2021 டிசம்பரில் துணை ராணுவப் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், நடத்தைக் குற்றச்சாட்டுக்கு மனநோயும் ஒரு காரணமாக இருந்தாலே, அவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை பாகுபாடு ஆகும் என்றது. மெமோவும் ஆப்சென்ட்டுமாக நோயைப் படிக்கும் ஆலை நிர்வாகங்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிப்பது நல்லது.

நான் கேட்பது இதைவிடச் சிறியது. 'இவரை ராத்திரி ஷிஃப்டில் போடக் கூடாது. தொடர் டபுள் டியூட்டி கூடாது' என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும், அதை ஆலை மருந்துச் சீட்டாக மதிக்க வேண்டும். நோயின் பெயர் அதில் தேவையில்லை; 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே நோயாளியின் ரகசியத்தை உரிமையாக்கியிருக்கிறது. கர்ப்பிணிக்கும் இதய நோயாளிக்கும் 'லைட் டியூட்டி' கொடுக்கத் தெரிந்த டைம் ஆபீஸுக்கு இது புதிய வித்தை அல்ல. இந்த வட்டாரத்தின் தொழிற்சங்க வரலாறே நேரத்தைப் பற்றிய சண்டைதான். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது, மதிய இடைவேளையைக் கூட்டிக் கேட்டது முதல் கோரிக்கைகளில் ஒன்று. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது சங்கங்கள் எழுந்து நின்றன. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எத்தனை மணி நேரம் என்று போராடியவர்கள், எந்த மணி நேரம் என்றும் கேட்கலாம்.

மறுப்புகள் எனக்குத் தெரியும். ஒருவருக்கு நைட் இல்லை என்றால் அவர் நைட்டை இன்னொருவர் பார்க்க வேண்டும், "அவனுக்கு மட்டும் என்ன?" என்று கேன்டீனில் கேட்பார்கள். கேட்கட்டும். கேட்பவருக்கு நாளை சர்க்கரை முற்றினால் அவருக்கும் அதே விலக்குத் தேவைப்படும். இதைவிடக் கடினமான மறுப்பு நோயாளியிடமிருந்தே வரும். நைட் அலவன்ஸும் ஓ.டி.யும் போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது? பலர் மருத்துவர் எழுதித் தந்தாலும் அந்தத் தாளைப் பையிலேயே வைத்துக்கொள்வார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மருத்துவக் காரணத்தால் நைட் விலக்குப் பெறுபவருக்கு அலவன்ஸின் ஒரு பகுதியையாவது தொடரச் சொல்லிச் சம்பள ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். நிர்வாகம் மறுக்கும், பேச வேண்டியது சங்கம். கிரேன் இயக்குபவருக்கு இந்த நோய் இருந்தால் ஆபத்தில்லையா என்றும் கேட்பார்கள். சில வேலைகள் சில காலம் கூடாதுதான். ஆனால் நோயைச் சொன்னால் வேலை போகும் என்று பயந்து மறைத்தவர் இயக்கும் கிரேன் இன்னும் ஆபத்து.

சிகிச்சைக்கு எங்கே போவது என்பதில் வடசென்னை மற்ற ஊர்களைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794இல் தொடங்கிய பாரம்பரியம் கொண்ட கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கு, 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, டோல்கேட்டிலிருந்து சென்ட்ரலில் மாறிப் போய்விடலாம். இடம் பக்கம்தான், நேரம்தான் தூரம். மாதா மாதம் மாத்திரை வாங்கப் பகல் ஓ.பி. என்றால் தினக்கூலிக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. நிலைபெற்ற பைபோலார் நோயாளிக்கு மாத்திரையும், அளவு பார்க்க ரத்தம் எடுப்பதும் அதே கையால் வீட்டுக்கு வர முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம், எண்ணெய்க் கசிவு, நள்ளிரவில் அமோனியா வாயு என்று எண்ணூர் மக்கள் ஒரே மாதத்தில் மூன்று முறை அலைக்கழிந்தார்கள். தூக்கமும் மாத்திரையும் ஒரே நேரத்தில் தவறும் அப்படிப்பட்ட நாட்களில் இந்த வீடுகளுக்கு யார் போக வேண்டும் என்று பேரிடர்ப் பட்டியலில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நன்றாக இருக்கும் காலத்தில் நோயாளியே உட்கார்ந்து தன் அறிகுறிகளைச் சொல்லி வைப்பது: தொடர்ந்து இரண்டு ராத்திரி நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் யாரிடம் சொல்ல வேண்டும், ஏ.டி.எம். கார்டு யார் கையில் இருக்க வேண்டும், எந்த மருத்துவமனை. மனநலச் சட்டம் இதற்கு முன்கூட்டிய அறிவுறுத்தல் என்ற வடிவமும் தருகிறது. மனைவி சங்கச் செயலாளருக்குப் போன் செய்து, "அவரு ரெண்டு நாளா தூங்கலண்ணே, இந்த வாரம் நைட் போடாதீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்க முடிந்தால் பல மாதச் சம்பளம் மிஞ்சும். சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுத்த ஓ.பி. நாள் வரை காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி பர்மனென்ட் தொழிலாளிக்கு. கேட்டுக்கு உள்ளே இன்று வேலை செய்பவர்களில் எத்தனையோ பேர் கான்ட்ராக்ட்காரர்கள். அவர்களுக்கு நிலையாணை பேசாது, சங்கமும் பல இடங்களில் பேசாது. விலக்குக் கேட்டால் நாளைக்கு வராதே என்பார்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒரே காகிதம் இஎஸ்ஐ எண். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதுசாக ஓர் எண் போட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் போட்டால் பழைய சந்தாவெல்லாம் வேறொருவர் கணக்காக நின்றுவிடும். 80 சதவீதத்துக்குத் தேவையான இரண்டு ஆண்டு சேரவே சேராது. வேலைக்குச் சேரும் அன்றே பழைய எண்ணைச் சொல்லி அதையே எழுதச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.